எங்கள் வீடு வீகன் ஓட்டல் ஆன கதை

என் மகன் பெங்களூரிலிருந்து போன் செய்து, "அம்மா, நான் வீகன் ஆயிட்டேன்" என்றபோது, ஏதோ பதவி உயர்வு என்று நினைத்துக்கொண்டு "சம்பளம் ஏத்துனாங்களா?" என்று கேட்டேன். அவன் பொறுமையாக விளக்கினான். கறி இல்லை, மீன் இல்லை, முட்டை இல்லை. சைவம்தானே, அதை நேராகச் சொல்வதற்கென்ன என்றேன். பாலும் இல்லை, தயிர் இல்லை, மோர் இல்லை, நெய் இல்லை, தேன்கூட இல்லை என்று அடுக்கினான். "அப்புறம் எதுக்குடா உசுரோட இருக்க?" என்று கேட்டுவிட்டேன். காலமெல்லாம் எட்டாம் வகுப்புக்குக் கணக்கு நடத்தி ஓய்வு பெற்றவளுக்கு வாய் அப்படித்தான் இருக்கும்.

அந்தத் தீபாவளிக்கு அரியலூர் வந்தான். இலை போட்டு உட்கார வைத்தேன். ஒவ்வொரு பதார்த்தத்தையும் சுட்டிக்காட்டி இதில் என்ன இருக்கிறது, அதில் என்ன இருக்கிறது என்று விசாரணை நடத்தினான். பரீட்சை ஹாலில் பிட்டு அடித்தவனை நான் எப்படி விசாரிப்பேனோ அதே தோரணை. கடைசியில் பருப்பைக் காட்டி, "இதுல நெய் ஊத்தினியாம்மா?" என்றான்.

"இல்லியே."

ஒரு கரண்டிதான் ஊற்றியிருந்தேன். நெய் இல்லாத பருப்பை என் கை பரிமாறாது, அதற்கு நான் என்ன செய்வது? அவனும் நம்பிச் சோற்றில் பிசையத் தொடங்கிவிட்டான். அப்போது, கல்யாணமான நாளிலிருந்து எந்த விஷயத்திலும் வாய் திறக்காத என் வீட்டுக்காரர், சிமெண்ட் ஆலையில் எலக்ட்ரீசியன், அன்றைக்கென்று வாய் திறந்தார்.

"ஊத்துனாளே. நான் பார்த்தேன்."

மகன் கத்தவில்லை. கத்தியிருந்தால் எனக்குச் சமாளிக்கத் தெரியும். இலையை மூடினான், கை கழுவினான், துண்டில் துடைத்துக்கொண்டே சொன்னான்: "இனிமே நான் வரப்ப எனக்குன்னு ஒண்ணும் செய்யாதம்மா. போன்ல ஆப்புல பார்த்து வெளியில சாப்பிட்டுக்கறேன். உனக்கும் செரமம் இல்ல."

செரமமாம். நான் குத்துக்கல்லாக இருக்கும்போது, என் அடுப்பு எரியும்போது, நான் பெற்ற பிள்ளை இந்த ஊரில் ஓட்டல் தேடிப் போய்ச் சாப்பிடுவதா? அவன் என் வீட்டில் இன்னொரு முறை கை நனைக்க வேண்டும். அன்றிலிருந்து எனக்கு இருந்த ஒரே கவலை அதுதான். வெளியில் கேட்டால் பி.பி. என்று சொல்லிக்கொண்டேன்.

பொங்கலுக்கு வந்தான். பானையில் பால் பொங்கியபோது தள்ளி நின்று "பொங்கலோ பொங்கல்" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கரும்போடு போய்விட்டான். மாட்டுப் பொங்கலன்று பக்கத்து வீட்டு மாட்டைக் கொஞ்சிய கொஞ்சலைப் பார்த்தால் அந்த மாடே வெட்கப்பட்டிருக்கும். காணும் பொங்கலன்று காலையில் போனை எடுத்து அந்த ஆப்பைத் திறந்தான். சைவ ஓட்டல், வீகன் ஓட்டல் எங்கே இருந்தாலும் காட்டுமாம். நான் காய் நறுக்கும் சாக்கில் பக்கத்தில் உட்கார்ந்து எட்டிப் பார்த்தேன். அரியலூரில் ஒன்றுமில்லை. ஜெயங்கொண்டத்தில் ஒன்றுமில்லை. எனக்கு உள்ளுக்குள் குளுகுளுவென்றிருந்தது. அப்புறம் பெரம்பலூரில் ஒரே ஒரு பச்சைப் புள்ளி முளைத்தது. சுத்த சைவம், பால்கூடச் சேர்க்காத சாப்பாடும் கேட்டால் தருகிறார்கள், மனசுக்கே நிம்மதி என்று யாரோ எழுதி, நட்சத்திரங்களை வாரி இறைத்திருந்தார்கள்.

மூன்று பேரும் காரில் போனோம். நானும் எதற்குப் போனேன் என்றால், அந்தக் கடையில் என்ன குறை இருக்கிறது என்று நேரில் பார்த்துச் சொல்லத்தான். நான் சொல்ல வேண்டிய அவசியமே வரவில்லை. கார் கதவைத் திறந்ததும் மட்டன் சுக்கா வாசனை வந்து எங்களை வரவேற்றது. வாசலில் பரோட்டாக் கல் சூடாக இருந்தது, பக்கத்தில் பிரியாணி அண்டா. மகன் போனைப் பார்த்தான், கடையைப் பார்த்தான், மறுபடி போனைப் பார்த்தான்.

முதலாளி நல்ல மனிதர். நெற்றியில் சந்தனம் இன்னும் காயவில்லை.

"இது சைவ ஓட்டல்னு ஆப்புல போட்டிருக்குங்களே?" என்று மகன் கேட்டான்.

"சைவந்தாங்க தம்பி. மாலை போட்டிருந்தோம்ல. நாம மாலை போட்டா கடையும் மாலை போட்டாப்ல. மலைக்குப் போயிட்டு வந்து நேத்துதான் கழட்டுனேன்."

"அப்ப ஆப்புல போட்டது?"

"எந்தச் சாமி போட்டுச்சோ தெரியலியே. மதியம் நெறய சாமிங்க வந்து சாப்பிடுவாங்க. அவங்க போட்டிருப்பாங்க." அவர் முகத்தில் உண்மையான வருத்தம் தெரிந்தது. "கார்த்திக ஒண்ணாந்தேதி வாங்க தம்பி. நீங்க சொல்றாப்ல பாலு கூட இல்லாம செஞ்சு தரேன்."

ஒரு மனிதன் பசிக்கு அடுத்த கார்த்திகை வரைக்கும் தவணை சொன்னதை நான் அன்றைக்குத்தான் பார்த்தேன். இதற்குள் என் வீட்டுக்காரர், வந்தது வந்தோம் என்று மெல்ல உள்ளே போய் ஒரு பிளேட் சுக்காவுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டார். மகன் ரோட்டோரம் இளநீர் குடித்தான். நான் இரண்டு பக்கமும் சேராமல் காரிலேயே உட்கார்ந்து பல்லைக் கடித்துக்கொண்டிருந்தேன். மறுநாள் பெங்களூர் போனவன்தான், சித்திரைக்கு வரவில்லை, கோயில் திருவிழாவுக்கும் வரவில்லை. எப்போது கேட்டாலும் "வேலை இருக்கும்மா" என்றான்.

எனக்கு வந்த ஆத்திரமெல்லாம் அந்த ஆப்பின் மேல்தான். வருஷத்தில் பாதி நாள்கூடச் சைவமாக இல்லாத கடைக்கு அதில் இடம் உண்டு, என் சமையல்கட்டுக்கு இல்லையா? போனை எடுத்து அந்த ஆப்பை இறக்கினேன். 'உங்களுக்குத் தெரிந்த இடத்தைச் சேர்க்கலாம்' என்று ஒரு பொத்தான் இருந்தது. எனக்குத் தெரிந்த இடம் என் வீடுதான், சேர்த்தேன். 'வீட்டுச் சாப்பாடு' என்று பெயர் வைத்தேன். சைவமா, வீகனா என்று கேட்டதற்கு வீகன் என்று அழுத்தினேன். படம் கேட்டது. வாசலில் நின்று எடுத்தேன், பாதி கேட்டும் பாதி சுண்ணாம்புக்கல் லாரியுமாக விழுந்தது. போதும் என்று விட்டுவிட்டேன். அவன் அடுத்த முறை போனைத் திறக்கும்போது ஊரிலேயே ஒரே ஒரு பச்சைப் புள்ளி எங்கள் வீட்டின் மேல் இருக்க வேண்டும். அதைப் பார்த்து அவனுக்கு உறைக்க வேண்டும். என் திட்டம் அவ்வளவுதான்.

உலகத்தில் மற்றவர்களும் அந்த ஆப்பைப் பார்ப்பார்கள் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

முதலில் வந்தது சென்னையிலிருந்து ஒரு புருஷன் பெண்சாதி. கங்கைகொண்ட சோழபுரம் கோயில் பார்க்கப் போகிறவர்களாம். ஞாயிற்றுக்கிழமை காலை, அடுப்பில் ஆட்டுக்கறி கொதிக்கிறது. கேட்டுக்கு வெளியே நின்று, "வீகன் மீல்ஸ் இருக்குங்களா?" என்றார்கள். இது ஓட்டல் இல்லை என்று சொல்லியிருக்கலாம். ஆனால் பசியோடு வாசலில் நிற்கிறவர்களிடம் அதை எப்படிச் சொல்வது? அதைவிட முக்கியமாக, மறுபடியும் ஆப்பு பொய் என்று ஆகிவிடுமே. "கோயிலப் பாத்துட்டு மதியமா வாங்க, ரெடியா இருக்கும்" என்று அனுப்பிவிட்டேன். உள்ளே வந்து, கறிச்சட்டியை அப்படியே துணியில் கட்டி வீட்டுக்காரர் கையில் கொடுத்து, வரதராஜன்பேட்டையில் இருக்கும் அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்ச் சாப்பிடச் சொன்னேன்.

"டீச்சரம்மா, நான் என்ன தப்பு பண்ணேன்?" என்றார் அவர். கோபமாக இருக்கும்போது என்னை அப்படித்தான் கூப்பிடுவார்.

"தீபாவளியன்னிக்கு வாயத் தொறந்தீங்கல்ல. அதுக்கு."

பாத்திரங்களைப் புளி போட்டுத் தேய்த்துவிட்டு யோசித்தேன். கத்தரிக்காய்ப் புளிக்குழம்பில் பால் எங்கே இருக்கிறது? முருங்கைக்கீரைப் பொரியலில்? ரசத்தில்? அப்பளத்தில்? நெய்யையும் தயிரையும் கழித்துவிட்டுப் பார்த்தால் மொத்தச் சாப்பாடும் அப்படியே மிச்சம் இருந்தது. ஒரு கணக்கு டீச்சருக்கு இது முதல் நாளே தெரிந்திருக்க வேண்டும். மோர்க்குழம்புக்கு மட்டும்தான் தடுமாறினேன். அதற்கும் முந்திரியை ஊறவைத்து அரைத்து எலுமிச்சம்பழம் பிழிந்தால் சரியாக வந்தது. முந்திரிக்கு எங்கள் பக்கத்தில் பஞ்சமா? அந்தப் பெண் சாப்பிட்டு முடித்து, "இதுல நிஜமாவே மோர் இல்லியா?" என்று மூன்று முறை கேட்டாள். எனக்குத் தலைகால் புரியவில்லை.

அவர்கள் ஆப்பில் எழுதிவிட்டுப் போனார்கள். அப்புறம் மாதத்துக்கு ஒன்றிரண்டு கூட்டம் வரும். வருவதற்கு முன்னால் போன் செய்யவும் என்று ஒரு வரி சேர்த்தேன். நெய் டப்பாவைத் தூக்கிப் பரண்மேல் வைத்தேன். வாடிக்கையாளர் வரும் நாளில் பால் பாக்கெட் வீட்டுக்குள் வரக் கூடாது என்று சட்டம் போட்டேன். என் வீட்டுக்காரர் ஞாயிறு தோறும் வரதராஜன்பேட்டை போகத் தொடங்கினார். அவருக்கு அக்கா மேல் திடீரென்று பாசம் பொங்குவதாக ஊரில் பேச்சு. பாசம் ஆட்டின் மேல் என்பது எனக்குத் தெரியும்.

யார் யாரோ வந்து சாப்பிட்டார்கள். வர வேண்டியவன் மட்டும் வரவில்லை. ஊருக்கெல்லாம் பரிமாறிவிட்டு, தனியாக உட்கார்ந்து மீந்த புளிக்குழம்பைச் சாப்பிடுவேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு பெண் போன் செய்தாள். காரில் வந்துகொண்டிருப்பதாகவும், மதியம் நாலு பேர் சாப்பிட வருவதாகவும் சொன்னாள்.

"பால், தயிர், நெய் ஒண்ணும் இருக்கக் கூடாது ஆன்ட்டி. கூட ஒருத்தர் இருக்காரு, ரொம்ப ஸ்ட்ரிக்ட்."

"கவலப்படாம வாங்கம்மா. பால் வூட்டுக்குள்ளயே இல்ல."

"அவரு இந்தப் பக்கத்து ஆளுதான். இங்க ஒண்ணும் கெடைக்காது, வாழப்பழம் வாங்கிட்டுப் போயிரலாம்னு சொன்னாரு. நாங்கதான் ஆப்புல தேடிப் பார்த்தோம்."

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. இந்த மண்ணில் பிறந்துவிட்டு, வெளியூர்க்காரர்களிடம் இங்கே ஒன்றும் கிடைக்காது என்று சொல்கிறவன் எப்படிப்பட்டவன்? அவனுக்குச் சாப்பாட்டைக் காட்டி வாயை அடைக்கிறேன் என்று வரிந்து கட்டிக்கொண்டு இறங்கினேன். அவனைப் பெற்றவளையும் விடவில்லை. பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒருவாய் ஒழுங்காகச் சமைத்துப் போட்டிருந்தால் இப்படிப் பேசுவானா என்று தேங்காய் துருவத் துருவத் திட்டினேன். தேங்காய்ப்பாலில் வெல்லம் போட்டுப் பாயசம் வேறு வைத்தேன்.

கார் வந்து நின்றது. முன்னால் இரண்டு பெண்கள் இறங்கினார்கள், பின்னாலிருந்து ஒரு பையன். "அவரு தூங்கிட்டாரு ஆன்ட்டி" என்று சொல்லிவிட்டு, கார் ஓட்டி வந்த பெண் பின்சீட்டில் கிடந்தவனை உலுக்கினாள். கண்ணைக் கசக்கிக்கொண்டு இறங்கியவன் எங்கள் கேட்டைப் பார்த்தான், வாசல் வேப்பமரத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். அப்புறம் மறுபடியும் காருக்குள் ஏறப் பார்த்தான்.

என் மகன்.

நாலு நாள் லீவு கிடைத்து, கங்கைகொண்ட சோழபுரம் பார்க்க நண்பர்களைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறான். எங்கள் ஊர் வழியாகத்தான் போயிருக்கிறான். என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. எனக்கு அங்கேயே உட்கார்ந்து அழ வேண்டும்போல் இருந்தது. அதற்குப் பதிலாக, "வாங்க. கை கழுவ அந்தப் பக்கம்" என்றேன்.

"அம்மா..."

"ஓட்டலுக்கு வந்தவங்க மொதல்ல கை கழுவணும்."

நண்பர்கள் மூவரும் எங்களை மாறி மாறிப் பார்த்தார்கள். "எங்கம்மா" என்று அவன் சொன்னான். "இது எங்க வூடு." கார் ஓட்டி வந்த பெண் போனை எடுத்து வந்த வழி சரிதானா என்று பார்த்தாள். மற்ற இருவரும் சிரிப்பை அடக்க முடியாமல் குழாயடிக்கு ஓடினார்கள்.

இலை போட்டேன். நாலு பேருக்கும் ஒரே மாதிரிதான் பரிமாறினேன். அவனுக்கு ஒரு பருக்கைகூட அதிகம் வைக்கவில்லை, முகத்தையும் பார்க்கவில்லை. "ஏம்மா இதெல்லாம்?" என்று மெல்லக் கேட்டான். "மொதல்ல நீங்க ஏன் சொல்லாம வந்தீங்க?" என்றேன்.

"சொன்னா நீ விழுந்து விழுந்து சமைப்ப. நான் இது என்ன, அது என்னன்னு கேப்பேன். உனக்குக் கோவம் வரும். எதுக்குன்னுதான்."

அந்த நேரம் பார்த்து, கார் ஓட்டி வந்த பெண் பருப்பைக் காட்டி, "ஆன்ட்டி, இதுல நெய் இல்லதானே?" என்று கேட்டாள். நான் வாய் திறப்பதற்குள் அவனே பதில் சொன்னான்.

"இருக்காது. எங்கம்மா வெளியாளுங்ககிட்டப் பொய் சொல்ல மாட்டாங்க. வூட்டாளுங்ககிட்ட மட்டுந்தான் சொல்லுவாங்க."

எல்லோரும் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் யாரோ கேட்டதற்காக நெய்யைப் பரணில் ஏற்றினேன். இவன் கேட்டபோது ஊற்றிவிட்டு இல்லை என்றேன். கண்ணில் நீர் முட்டியது. அடுப்புப் புகை என்று சொல்லலாமென்றால் எங்கள் வீட்டில் கேஸ் அடுப்பு. வாளியை எடுத்துக்கொண்டு வரிசையாக ரசம் ஊற்றி வந்தேன். அவன் சோற்றில் குழி செய்து காத்திருந்தான்.

"தம்பிக்கு இதுல என்னென்ன போட்டிருக்குன்னு சொல்லட்டுங்களா?" என்றேன்.

அவன் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தான்.

"வேணாம்மா. ஊத்து."

ஊற்றினேன்.