தண்ணீர் வந்த திசை

கீலானிக்குக் காலில் சக்கரம் என்பது எகிப்துப் பாலைவனச் சோலையான எங்கள் ஸீவா முழுக்கத் தெரிந்த சேதி. ஒரு வீட்டுக்குப் போனால் மூன்று கோப்பைத் தேநீர் முடியும்வரை உட்கார்ந்திருப்பதுதான் எங்கள் ஊரில் மரியாதை. அவனோ முதல் கோப்பை பாதி இருக்கும்போதே எழுந்து, வாசலில் ஓடும் வாய்க்காலை எட்டிப் பார்க்கப் போய்விடுவான். மரியாதை தெரியாத மனுஷன் என்று பேச்சு வாங்கியும் திருந்தவில்லை.

அவன் அலெக்சாந்திரியாவில் புவியியல் படித்தவன். படிக்கப் போனபோதே ஊர் சிரித்தது. "டாக்டருக்குப் படிச்சா ஊசி போடுவான், வக்கீலுக்குப் படிச்சா கேஸு போடுவான். மண்ணைப் படிச்சிட்டு வந்து என்னத்தப் போடுவான்?" திரும்பி வந்து பள்ளிக்கூடத்தில் வேலைக்குச் சேர்ந்தான். சாயங்காலமானால் ஒரு கோலையும், கொத்தனார்கள் மட்டம் பார்க்கும் தண்ணீர்க் குழாயையும் தூக்கிக்கொண்டு தோட்டம் தோட்டமாக அலைவான். 'பள்ளம் வாத்தியார்' என்று பேரே வைத்துவிட்டார்கள். வாயைத் திறந்தால் அவனுக்கு அந்த ஒரு பேச்சுதானே!

"நம்ம ஊரு ஒரு பள்ளம். கடலை விடத் தாழ்வு. ஊத்தின தண்ணி எங்கேயும் ஓடிப் போகாது. ஆளாளுக்குத் தானாப் பொங்குற கிணறு தோண்டி ராவும் பகலும் வால்வைத் திறந்துவிட்டா, அது தேங்கி, உப்பாகி, வேரை அழுக வைக்கும். பாலைவனத்துல இருந்துக்கிட்டே மூழ்கிச் சாவோம்."

யார் கேட்பார்கள்? தண்ணீரைக் கண்டாலே அல்லாவுக்கு நன்றி சொல்லிப் பழகிய ஜனம். ஓடுகிற தண்ணீரை மூடுவது பாவம் என்று நினைக்கிற ஜனம். நானும் அப்படி நினைத்தவன்தான்.

இந்த அலைச்சலுக்குப் பின்னால் ஒரு வயிற்றெரிச்சல் இருந்தது. அவன் தங்கை மப்ரூகாவை ஹுமைதாவுக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். ஹுமைதாவின் தோட்டம் தாழ்வான இடம். இரண்டு வருஷமாக அங்கே தண்ணீர் தேங்கி, நாற்பது ஆலிவ் மரங்கள் நுனியிலிருந்து கருகிக்கொண்டு வந்தன. மண்ணில் வெள்ளையாக உப்புப் பூத்துவிட்டது. ஹுமைதா வெறுத்துப்போய், பெருநாள் முடிந்ததும் மனைவி மக்களோடு கடலோர நகரமான மத்ரூவுக்குக் குடிபோய்க் கல்குவாரியில் சேர்வதாக முடிவு செய்துவிட்டான். முந்நூறு கிலோமீட்டர்! ஸீவாவிலேயே பிறந்து வளர்ந்த மப்ரூகா அங்கே போய், யார் முகத்தைப் பார்த்துப் பொழுதைப் போக்குவாள்? அதை நினைத்தாலே கீலானிக்குச் சோறு இறங்கவில்லை.

தோட்டத்துக்கு முந்நூறு அடி தள்ளி உத்மான் ஹாஜியின் பெரிய கிணறு இருந்தது. தண்ணீர் அங்கிருந்துதான் வருகிறது என்று கீலானி முடிவுகட்டினான். ஒரு வெள்ளிக்கிழமை, தொழுகை முடிந்து எல்லோரும் பள்ளிவாசல் முற்றத்தில் நிற்கும்போது, அதைப் பொங்கிப்போய்ச் சொல்லியும்விட்டான்.

ஹாஜி கிழவர் சாதாரண ஆளில்லை. கோபப்படாமலே கொல்லுவார். "அப்படியா வாத்தியாரே? இன்னைக்கே என் கிணத்த மூடுறேன். அடுத்த வெள்ளி வரைக்கும் திறக்க மாட்டேன். உன் மச்சான் தோட்டத்துல தண்ணி இறங்கிச்சுன்னா ஆயுசுக்கும் மூடிடறேன். இறங்கலைன்னா, இதே இடத்துல நின்னு என்கிட்ட மன்னிப்புக் கேக்கணும்."

"கேக்கறேன்!" என்றான் கீலானி. அந்த வாரம் அவன் தூங்கியிருப்பானா என்பது சந்தேகம். விடிந்ததும் கோலோடு ஓடுவான், மதியம் ஓடுவான், பள்ளிக்கூடம் விட்டதும் ஓடுவான். சனி, ஞாயிறு, திங்கள். ஒரு விரற்கடைகூட இறங்கவில்லை. புதன்கிழமை அரை விரல் ஏறியேவிட்டது. கடைத்தெருவில் பேரீச்சம்பழம் விற்கிறவன்கூட, "என்ன வாத்தியாரே, மன்னிப்பை மனப்பாடம் பண்ணியாச்சா?" என்று கேட்டான்.

வியாழக்கிழமை அவன் செய்த காரியத்தை இரண்டு வருஷத்துக்கு முன்னாலேயே செய்திருக்கலாம். மட்டக்குழாயைத் தோட்டத்தின் மறுபக்கம் பிடித்தான். அந்தப் பக்கம் தார்ச்சாலை, அதைத் தாண்டி ஒரு மேடு, மேட்டுக்குப் பின்னால் அவனுடைய குடும்ப நிலம். சாலை குறுக்கே கிடக்கிறது, தண்ணீர் எப்படி வரும் என்று அவன் அந்தத் திசையை ஏறெடுத்தும் பார்த்ததில்லை. ஊரெல்லாம் அளந்தவன் தன் வீட்டு மண்ணில் மட்டும் குழாயை வைக்கவே இல்லை. இப்போது வைத்தான். தங்கை தோட்டத்தை விட அவர்கள் நிலம் இரண்டு முழம் உயரம். குனிந்து தேடினான். சாலை போட்டபோது அடியில் புதைத்த சிமெண்டுக் குழாய் ஒன்று, நாணல் மூடிக்கிடந்தது. அதன் வழியே தண்ணீர் சாவகாசமாக வந்துகொண்டிருந்தது.

அது அவன் அப்பா தோண்டிய கிணற்றின் தண்ணீர். அந்தத் தண்ணீரில் குதிரைமசால் தீவனம் விளைத்து விற்றுத்தான் அவனைப் படிக்க அனுப்பினார்கள். இப்போது அதை வைத்திருப்பவர் மூத்த அண்ணன் ஸனூஸி. அப்பா போனபின் இந்த இரண்டு வருஷமாக அந்த வால்வை யாரும் தொட்டதே கிடையாது.

நேரே தங்கை வீட்டுக்கு ஓடினான். ஹுமைதா வெளியே போயிருந்தான். மப்ரூகா பாத்திரங்களைக் கம்பளியில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

"மப்ரூகா, தண்ணி ஹாஜி கிணத்துலேருந்து வரலை."

"தெரியும்."

"நம்ம கிணறும்மா!"

"தெரியும்ணே. ரெண்டு வருஷமாத் தெரியும்." அவள் தலை நிமிரவில்லை. "பெரியண்ணி தையல் போடுற பட்டு நூல் இந்த வாய்க்கால்ல மிதந்து வரும். ஆரஞ்சுல பச்சையைச் சேர்த்து முறுக்குறது அவங்க ஒருத்திதான். எனக்குத் தெரியாதா?"

கீலானி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான். "ஏன்டி சொல்லல?"

"சொன்னா? இவரு மம்பட்டியைத் தூக்கிட்டுப் போய்ப் பெரியண்ணன் வாசல்ல நிப்பாரு. ஊரு கூடி வேடிக்கை பாக்கும். நீ படிச்சதுல மேடு பள்ளமெல்லாம் இருக்கு, மனுஷங்க இல்லையாக்கும்." இப்போது அவள் நிமிர்ந்தாள். கண் கலங்கியிருந்தது. "நாளைக்கு ஹாஜிகிட்ட மன்னிப்புக் கேட்டுட்டு வாயை மூடிக்க. நாங்க போயிடறோம். அப்பா பேரு கெடுறதுக்கு அது எவ்வளவோ தேவலை."

அன்றைக்கு அவன் போகாத தெரு இல்லை. சொன்னால் அண்ணன் போய்விடுவார், சொல்லாவிட்டால் தங்கை போய்விடுவாள். இருதலைக் கொள்ளி எறும்பாகத் தவித்தான் பாவம்.

வெள்ளிக்கிழமை முற்றத்தில் நின்றான். ஸனூஸி முன்வரிசையில் இருந்தார், ஹுமைதாவும் இருந்தான். "ஹாஜி, என்னை மன்னிச்சிடுங்க. உங்க மேல வீண்பழி போட்டுட்டேன்," என்றான். ஹாஜி பெருந்தன்மையாகக் கையை நீட்டினார். அத்தோடு விட்டிருக்கலாம். விடவில்லை. "அந்தத் தண்ணி எங்க அப்பா கிணத்துத் தண்ணி. என் தங்கச்சி தோட்டத்தை நாங்கதான் அழிச்சோம்."

ஸனூஸி எழுந்தார். "நன்றி கெட்டவனே! அந்தத் தண்ணியிலதானேடா நீ படிச்ச?"

"ஆமாண்ணே. படிச்சதாலதான் தெரியுது."

அறை விழும் என்றுதான் எல்லோரும் நினைத்தோம். ஸனூஸி செருப்பைக்கூட மாட்டாமல் வெளியேறினார். ஹுமைதா முகத்தைத் துண்டால் துடைத்துக்கொண்டே இருந்தான். பிற்பகல் அஸர் தொழுகைக்குள் சேதி வந்தது: ஸனூஸி தனி ஆளாக, துருப்பிடித்த வால்வைச் சுத்தியலால் தட்டித் தட்டி, பாதிக்கு மூடிவிட்டார். மீதி பாதி தன் குதிரைமசாலுக்காம். தம்பி இனிமேல் வீட்டு வாசற்படி மிதிக்கக் கூடாதாம்.

பெருநாள் வந்து போயிற்று. ஹுமைதா பேசி வைத்திருந்த லாரியை வேண்டாமென்று சொல்லிவிட்டான். மப்ரூகா மூட்டைகளைப் பிரித்தாள். ஆனால் பெருநாளன்று கீலானி இனிப்போடு போனபோது கதவைத் திறக்கவில்லை. பிறந்த வீட்டை ஊர் நடுவில் அவமானப்படுத்தியவன் அவளுக்கு அண்ணன் இல்லையாம்.

அதற்காக அவன் போகாமல் இருப்பானா? ஒரு மாதம் கழித்து ஒருநாள் தோட்டத்தை அளந்துவிட்டு, வழக்கம்போல அந்த மூடிய கதவருகே வந்து நின்றான். உள்ளே குழந்தைகளின் சத்தம் கேட்டது. தட்டத் தயக்கமாக இருந்தது. திரும்பப் போனவனை உள்ளிருந்து ஒரு குரல் நிறுத்தியது.

"எவ்வளவு இறங்கியிருக்கு?"

"நாலு விரல்."



"சரி, போ. நாளைக்கும் வந்து பாரு."