எரியாத சோடியம் விளக்கு

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பஸ் சிப்காட் ரசாயன ஆலைகளைக் கடக்கும்போது, பக்கத்து இருக்கைக்காரர் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டார். எனக்கோ அந்த நாற்றம் வந்ததும் கல்லூரி ஞாபகம் வந்துவிட்டது. மற்றவர்களுக்குப் படித்த காலத்தை நினைவூட்ட மழை வாசனை, மல்லிகை வாசனை என்று ஏதாவது இருக்கும். எனக்கு வாய்த்தது இது.

சின்னக் கல்லூரி. அரிசி ஆலைக்காரர் ஒருவர் ஆரம்பித்தது. கணினிப் பிரிவுக்கு ஏசி. இயற்பியல் ஆய்வகத்துக்கோ பின்பக்கத்தில் ஒரு ஆஸ்பெஸ்டாஸ் கூடம். அலமாரியைத் திறந்தால் துரு, எலிப் புழுக்கை, ஒருமுறை செத்த எலியே கிடந்தது. எடுத்துப்போட ஆள் வரவில்லை, கதவைச் சாத்திவிட்டார்கள். அந்த நாற்றத்தில் நின்றுதான் ஒளியின் இயல்புகளைக் கற்றோம். கற்றோம் என்பதுகூடக் கொஞ்சம் ஜாஸ்திதான்.

பூங்கொடி குமராட்சிப் பக்கமிருந்து மினி பஸ்ஸில் வருவாள். இயற்பியலை ஆசைப்பட்டு எடுத்தது வகுப்பில் அவள் ஒருத்திதான். நானெல்லாம் வேறெங்கும் இடம் கிடைக்காமல் வந்து விழுந்தவன். அடுத்து சிதம்பரத்தில் எம்.எஸ்சி. என்று முதல் வருடத்திலிருந்தே சொல்லிக்கொண்டிருந்தாள்.

கடைசி வருடச் செய்முறைத் தேர்வில் அவளுக்கு ஸ்பெக்ட்ரோமீட்டர் வந்தது. சோடியம் விளக்கின் மஞ்சள் ஒளி முப்பட்டகக் கண்ணாடிக்குள் நுழைந்து எவ்வளவு திரும்புகிறது என்று கருவியில் பார்த்து அளக்க வேண்டும். எங்கள் ஆய்வகத்தில் அந்த விளக்கு எரிந்து யாரும் பார்த்ததில்லை. ஆனால் எழுத வேண்டிய அளவுகள் எல்லாருக்கும் மனப்பாடம். சீனியர்கள் விட்டுப்போன சொத்து.

வெளியூர்த் தேர்வாளர் பிரியாணியை முடித்துவிட்டுப் பல் குத்திக்கொண்டே உள்ளே வந்தார். கூடவே எங்கள் துறைத் தலைவர். பூங்கொடி கருவியிலிருந்து கண்ணை எடுத்தாள்.

"சார், இதுல ஒண்ணும் தெரியல சார். லைட்டே எரியல."

"தெரியுதுன்னு எழுதும்மா" என்றார் தேர்வாளர்.

"பாக்காம எப்பிடி சார் எழுதறது?"

துறைத் தலைவர் சிரித்தார். "எல்லாரும் எழுதறாங்க இல்ல? ஒனக்கு மட்டும் என்னா தனியா?"

அவள் உட்கார்ந்து சூத்திரம், படம் எல்லாம் முறையாகப் போட்டாள். அளவுகள் வர வேண்டிய இடத்தில், 'விளக்கு எரியவில்லை. அளக்க இயலவில்லை' என்று எழுதிக் கொடுத்துவிட்டு வெளியே போனாள்.

முடிவு வந்தபோது அவள் மட்டும் ஃபெயில். எரியாத விளக்கைப் பார்த்ததாக எழுதியவர்களுக்கெல்லாம் முழு மதிப்பெண்.

அப்பாவைக் கூட்டிக்கொண்டு நியாயம் கேட்க வந்தாள். வயல் வேலையிலிருந்து நேராக வந்த மனிதர். துறைத் தலைவர் அவரை உட்காரக்கூடச் சொல்லவில்லை.

"ஒங்க பொண்ணுக்கு வாய் ஜாஸ்திங்க."

"சின்னப் பொண்ணுங்க சார். மனசுல வெச்சிக்காதீங்க" என்று அவர் கும்பிட்டார். பூங்கொடி அப்பாவின் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் நான் நின்றிருந்தேன். சான்றிதழ் வாங்க வந்தவன், வாங்காமலே திரும்பிப் போனேன்.

அடுத்த முறை அவள் தேர்வெழுதிவிட்டு வரும்போது பஸ் ஸ்டாப்பில் பார்த்தேன்.

"லைட் எரிஞ்சுதா?"

"இல்ல. எழுதிட்டேன்."

"எம்.எஸ்சி.க்கு அப்ளிகேஷன் போட்டியா?"

"அங்க மட்டும் என்னாவாம்? போதும், வுடு" என்றாள். கொஞ்ச நாளில் கடலூரில் ஒரு துணிக்கடையில் பில் போடும் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள்.

அந்தக் கல்லூரியில் இப்போது இயற்பியல் பிரிவே இல்லை. சேர ஆளில்லை என்று மூடிவிட்டார்கள். கூடத்தை இடித்துவிட்டு அங்கே வேன் நிறுத்துகிறார்கள். ஊரில் பழைய சினிமாக் கொட்டகையை இடித்ததற்கே ஒரு வாரம் புலம்பிய ஆள் நான். இதற்குச் சொட்டு வருத்தம்கூட வரவில்லை. சனியன் ஒழிந்தது என்றுதான் தோன்றியது. நாங்கள் சேர்வதற்கு முன்பே ஒழிந்திருக்கலாம்.