இடம் மாறிப்போன பாதை

நான் ஐந்தாம் வகுப்பு வரை படித்தவன். ஸ்ரீரங்கத்தில் ஒரு பத்திர எழுத்தரிடம் பதினெட்டு வருடமாக டைப்பிங் செய்கிறேன். பழைய கம்ப்யூட்டர் படுத்துவிட்டதால் சார் ஒரு லேப்டாப் வாங்கி வைத்தார். அதில் அடித்த முதல் பத்திரத்தை இன்றும் மறக்க முடியவில்லை.

லால்குடிப் பக்கத்து அண்ணனும் தங்கையும் வயலைப் பாகம் பிரித்துக்கொள்ள வந்திருந்தார்கள். ரோட்டை ஒட்டிய பாதி அண்ணனுக்கு; பத்திரத்தின் சொத்து விவரத்தில் அது ஏ ஷெட்யூல். அதற்குப் பின்னால் இருந்த பாதி தங்கை செல்விக்கு, பி ஷெட்யூல். அண்ணன் நிலத்தின் ஓரமாகத்தான் அவர் போய்வர முடியும். அதனால் பி ஷெட்யூல் கடைசியில், 'மேற்படி சொத்துக்கு வண்டிப்பாதை பாத்தியம் உண்டு' என்று ஒரு வரி.

சார் கையால் எழுதிய நகலைப் பார்த்தே அடிப்பவன் நான். திரையைப் பார்க்கமாட்டேன். அந்த வரிக்கு வரும்போது உள்ளங்கை டச்பேடில் பட்டிருக்கிறது. கர்சர் மேலே தாவி, வரி முழுக்க ஏ ஷெட்யூலில் போய் விழுந்துவிட்டது. பதிவுக்கு வாங்கிய டோக்கன் நேரம் நெருங்கியதால் சார் வழக்கம்போல் படித்துக் காட்டவில்லை. கையெழுத்துப் போட்டுக்கொண்டு சாரோடு ரிஜிஸ்டர் ஆபீசுக்குப் போய்விட்டார்கள்.

ஃபைலை மூடப் போனபோதுதான் பார்த்தேன். சொன்னால் வேலை போகும். சொல்லாவிட்டால் அந்த அம்மா வயலுக்குப் போக வழியே இல்லை. ஓடினேன்.

அங்கே ஒரே கூட்டம். நாலு பேர் முன்னால் எனக்கு நாக்கு எழாது. அவர்கள் நம்பரைக் கூப்பிட்டதும் சாரின் சட்டையைப் பிடித்து இழுத்தேன்.

"கொடுக்காதீங்க சார். பாதை அண்ணன் பாகத்துல ஏறிடுச்சு."

சார் படித்துப் பார்த்தார். முகம் இறுகியது. "கண்ண எங்கய்யா வெச்சிருந்த?" என்றார்.

எங்களுக்குள் பேசியாகிவிட்டது, எங்கே இருந்தால் என்ன, அப்படியே பதிந்துவிடலாம் என்றார் அண்ணன்.

செல்வி பத்திரத்தைச் சாரிடமிருந்து வாங்கி மார்போடு வைத்துக்கொண்டார். "இல்லண்ணே. நாளைக்கு உன் பசங்க பேப்பரத்தான் பாப்பாங்க. நான் என்ன, ஏரோப்ளேன்லயா போயி நாத்து நடுவேன்?"

அன்று பதிவு நடக்கவில்லை. மறுநாள் திருத்தி அடித்தேன். செல்வி என் மேஜைக்கு எதிரில் உட்கார்ந்து, "அந்த வரிய நீங்களே படிங்க தம்பி" என்றார். குரல் நடுங்கப் படித்தேன். இன்னொரு தடவை கேட்டார். படித்தேன்.

லேப்டாப்பில் டைப் செய்பவர்கள் தனி மௌஸை மாட்டிக்கொண்டு, செட்டிங்ஸில் டச்பேடை அணைத்துவிடுங்கள். அணைத்தாலும், பிரிண்ட் எடுக்குமுன் உரியவர் காதில் விழும்படி ஒரு முறை படித்துவிடுங்கள். எனக்கு இன்னும் குரல் நடுங்கத்தான் செய்கிறது. படிக்கிறேன்.