மெஷின் ஓடிய பத்து நிமிடம்

ஆஸ்பத்திரியின் கீழ்த்தளச் சலவை அறையில் பதினேழு வருடம் துணி துவைத்தவளை எல்லோரும் 'வாயில்லாப் பூச்சி' என்பார்கள். பேசினால் யாருக்காவது இடைஞ்சலாகிவிடும் என்று நினைப்பவள். மாடி வார்டில் கிடந்த புருஷன் போய்ச் சேர்ந்து இரண்டு மாதமாகியும் அவள் கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை. சோறும் இறங்கவில்லை.

ஆறுதல் சொல்ல ஆளுக்கா பஞ்சம்? “நீங்க என்ன அண்ணி பண்ணுவீங்க, வேலை அப்படி. மனசைத் தேத்திக்கோங்க,” என்றாள் நாத்தனார். இவள் வாயைத் திறக்கும் முன்பே எல்லோரும் மன்னித்துவிட்டார்கள். எதை மன்னித்தோம் என்று யாரும் கேட்கவில்லை.

துணி மடிக்கும் தோழிதான் அவளை ஆஸ்பத்திரியின் மனநல ஆலோசகர் அறைக்குத் தள்ளிக்கொண்டு போனாள்.

“போடி பூச்சி. அந்தம்மா ஊசியெல்லாம் போட மாட்டாங்க. அவங்களும் உன்னை மாதிரிதான், வாயே திறக்க மாட்டாங்க. ரெண்டு பேரும் சேர்ந்து சுவத்தைப் பாருங்க!”

ஆலோசகர் நடுவயதுப் பெண். அவர் முன்னால் இவள் நாற்காலி நுனியில் உட்கார்ந்து, மேஸ்திரியிடம் கேட்பது போலக் கேட்டாள்: “நான் என்னம்மா செய்யணும்? சொல்லுங்க, செஞ்சிடறேன்.”

“அதை நான் சொல்ல மாட்டேம்மா. நீங்க எதைச் சொன்னாலும் கேக்கறேன். சும்மா இருக்கணும்னா சும்மா இருங்க.”

இதென்ன வைத்தியமோ என்று இரண்டு வாரம் சும்மா இருந்தாள். மூன்றாம் வாரம் அவளாகவே ஆரம்பித்தாள்.

“அன்னிக்கு வார்டுலேருந்து போன் பண்ணி உடனே வான்னாங்க. மெஷின் ஓடுது, பத்து நிமிஷத்துல வரேன்னேன். நான் போறதுக்குள்ள உயிர் போயிடுச்சு.”

முந்தானை நுனியைச் சுருட்டிக்கொண்டே தொடர்ந்தாள்.

“வேலைக்குப் பயந்துதான் நின்னேன்னு எல்லாரும் நினைக்கறாங்க. அந்த மெஷினுக்கு ஆளே வேண்டாம்மா. முடிஞ்சா தானா நிக்கும்.”

“அது தெரிஞ்சும் நின்னீங்க.”

“அவர் போறதைப் பாக்க பயம். துணி சுத்தறதையே பாத்துக்கிட்டு நின்னேன். அவர் கதவையே பாத்துக்கிட்டிருந்தாராம். பக்கத்துல இருந்த நாத்தனார் சொன்னா.”

உங்கள் மேல் தப்பில்லை என்று பதில் வரும் எனக் காத்திருந்தாள். வரவில்லை. எதிரே இருந்த முகம் சுளிக்கவும் இல்லை.

“அவ்வளவு பயந்திருக்கீங்க,” என்றார் ஆலோசகர் மெதுவாக. “அவரைக் காக்க வெச்சிட்டோமேன்னு இப்ப தாங்க முடியல.” பிறகு, “என்ன சொல்றதுன்னு எனக்குத் தெரியலம்மா. கேக்கும்போது எனக்கே நெஞ்சை அடைக்குது,” என்றார்.

அப்போதுதான் அவளுக்கு அழுகை வந்தது. குனிந்து, முகத்தைப் பொத்திக்கொண்டு, நேரம் முடியும்வரை அழுதாள்.

அன்று சாயங்காலமே நாத்தனாரிடமும் சொன்னாள். நாத்தனார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். விசும்பல் கேட்டது. இவள் எங்கும் போகவில்லை. கதவுக்கு வெளியே, கூப்பிட்டால் கேட்கும் தூரத்தில், தரையில் உட்கார்ந்துகொண்டாள்.