பொன்னுரங்கத்துக்கு ஒரு லிஃப்ட் பாட்டு

சாவு வீட்டுக்குள் நுழைந்ததும் டில்லிபாபு பிணத்தைப் பார்ப்பதில்லை. கூட்டத்தில் அழாமல் வேலை பார்த்துக்கொண்டிருக்கும் ஆளைத் தேடிப் போவார். "இன்னா வேல செஞ்சாரு? எப்டி இருப்பாரு?" மரண கானா பாடுகிறவருக்கு இந்த இரண்டுக்கும் பதில் கிடைத்தால் போதும், மீதியைப் பிடித்துவிடுவார்.

கடலோர நொச்சிக்குப்பத்தில் பொன்னுரங்கம் இறந்த அன்று பந்தலில் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தவள் அவருடைய மகள் நிஷா.

"எல்லாருக்கும் பாடற மாதிரி கடலு, கட்டுமரம்னு பாடிடாதண்ணா. எங்கப்பா கடலுக்கே போனதில்ல. தி.நகர் துணிக்கடைல லிஃப்ட் ஓட்டிக்கினு இருந்தாரு. கதவ மூடறதுக்கு மின்னாடி தலைய நீட்டி, யார்னா ஓடியாறாங்களானு பாப்பாரு."

டில்லிபாபு டீக்கடை ஓரமாகப் போய் நின்றார். வாங்கிய டீயில் ஆடை படிந்தது. அவர் உதடு மட்டும் அசைந்துகொண்டிருந்தது.

மதியம் பாட்டு தொடங்கியது.

"மாடி மாடியா ஏத்திவுட்ட நைனா, இப்போ
எந்த மாடிக்கு நீ போற நைனா?"

பொன்னுரங்கத்தின் வாழ்க்கை முழுக்க அந்த லிஃப்டுக்குள் வந்து ஏறியது. கல்யாணம் ஒரு மாடி. மனைவி பாதியில் இறங்கிப் போனது ஒரு மாடி. குட்டி நிஷாவைத் தூக்கிப் பட்டனை அழுத்தவிட்டது, படுத்த படுக்கையானபோது கரண்ட் போய் நடுவில் நின்றது, எல்லாம் வந்தது. ஜனம் வாயை மூடிக் கேட்டது. விசில் வரவில்லை.

டோலக்கு வாசித்த செம்பியனுக்கு அது பொறுக்கவில்லை. எந்தச் சாவிலும் கைதட்டல் வாங்கித் தரும் பாட்டடியை நடுவில் எடுத்துவிட்டான்: "கரை சேராத கப்பலே..."

பின்னால் இரண்டு விசில் கிளம்பியது. டில்லிபாபு அவன் காதருகே குனிந்தார். "லிஃப்டுக்குள்ள இன்னாடா கப்பலு? பாட்டு பூரா அந்த ஒரு மனுசன் கீறாரு. ஒடச்சிடாத."

பிறகு தானே குரலெடுத்துப் பாட்டை மறுபடி மாடியில் ஏற்றினார்.

கடைசி அடி மட்டும் பாக்கி. லிஃப்ட் கதவு மூடவேண்டும். டீக்கடையிலேயே அதைக் கட்டி வைத்திருந்தார், நல்ல அடி. அது வரப்போவது கூட்டத்துக்கும் தெரிந்துவிட்டது. நிஷா ஃப்ரீசர் பெட்டியின் விளிம்பைப் பிடித்தபடி அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செம்பியன் தாளத்தை ஏற்றினான். டில்லிபாபு கையை நீட்டி, டோலக்கின் மேல் உள்ளங்கையை வைத்து அழுத்திக்கொண்டார். அந்த அடியைப் பாடவில்லை; கதவு திறந்தே இருந்தது.