டீன் கேட்ட நாய்க்குட்டிக் கதை

லாரியை ஓரங்கட்டி இன்ஜினை நிறுத்தியதும் டீன் ஹோல்ட்பி முதலில் காலணியைக் கழற்றுவார். அப்புறம் போனைக் கண்ணாடியோரம் சாய்த்து வைப்பார். பிளாஸ்கின் மூடியில் தேநீரை ஊற்றிக்கொண்டு, "ம், ஆரம்பிடா ராசா" என்பார். அந்தப் பக்கம், இங்கிலாந்தின் கிரிம்ஸ்பி ஊர் வீட்டில், பள்ளிவிட்டு வந்து சீருடையைக்கூட மாற்றாத மகன் ரோரி, அன்றைய பங்குக்கு ஒரு பக்கம் படித்துக் காட்டுவான்.

லாரிக்காரன் இத்தனை மணி நேரம் ஓட்டினால் முக்கால் மணி நேரம் சும்மா இருந்தே தீரவேண்டும் என்று அங்கே சட்டம். மற்றவர்கள் அந்த நேரத்தில் குறட்டை விடுவார்கள். டீனுக்கு அது கதை கேட்கும் நேரம். பின்னால் குளிர்ப்பெட்டி உறுமிக்கொண்டே இருக்கும். மீன் கெட்டுப்போகக் கூடாதல்லவா?

ஸ்காட்லாந்துக் கரையில் மீன் ஏற்றி கிரிம்ஸ்பி சந்தையில் இறக்குவது அவர் பிழைப்பு. ஆனால் மீனை வாயில் வைக்கமாட்டார். கேட்டால், "பொணம் ஏத்துறவன் பொணத்தையா திங்கிறான்?" என்பார். ஊறுகாய் தடவிய சீஸ் சாண்ட்விச்தான் எப்போதும். குறுக்கே புகும் கார்களை மற்ற ஓட்டுநர்கள் திட்டுவார்கள். இவர், "வாங்க மகாராணி, போங்க மகாராணி" என்று கையசைத்து வழிவிடுவார். ஆள் மலை மாதிரி. மனைவி ஷெல்லியோ, மீன்வாடைச் சட்டையைக் கொல்லைப்புறம் கழற்றிப் போட்டால்தான் வீட்டுக்குள்ளேயே விடுவாள்.

ரோரிக்குப் பத்து வயது. புத்தகத்தைக் கண்டால் பல் டாக்டரைக் கண்டதுபோல் ஓடுகிற பிள்ளை. "எழுத்தெல்லாம் நகருதுப்பா" என்பான். டீனுக்கு அது புதிதில்லை. அவரையும் சின்ன வயதில் வகுப்பில் நிற்கவைத்துப் படிக்கச்சொல்லி, எல்லோரும் சிரித்திருக்கிறார்கள். அன்றைக்குப் பிறகு அவர் யார் முன்னாலும் வாய்விட்டுப் படித்ததில்லை. தன் பிள்ளைக்கும் அந்தக் கதி வந்துவிடக் கூடாதே என்பதுதான் அவருக்கிருந்த ஒரே கவலை.

படிக்கப் பயந்து ஓடுகிற பிள்ளைகளுக்கென்றே எழுதின புத்தகம் ஒன்றைப் பள்ளியிலிருந்து ஆசிரியை மிஸஸ் பெட்ச் கொடுத்தனுப்பினாள். பெரிய எழுத்து, சின்ன வாக்கியம், ஒல்லியான புத்தகம். டேனி என்று ஒரு பையன், பள்ளி அணியின் கோல்கீப்பர். வீட்டுக்குத் தெரியாமல் துணி அலமாரிக்குள் ஒரு நாய்க்குட்டியை ஒளித்து வைத்திருக்கிறான். ரோரி திக்கித் திக்கிப் படிப்பான். "மெதுவா போடா, பின்னாடி எவனும் ஹார்ன் அடிக்கல" என்பார் டீன். போகப் போகத் திக்கல் குறைந்தது. சில நாள் முழுப் பக்கமும் தங்குதடையில்லாமல் வந்தது. டீனுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. சந்தையில் பெட்டி இறக்குகிறவர்களுக்கும் அந்தக் கதையைச் சொல்லிவைத்திருந்தார். லாரி வந்து நின்றாலே, "நாய்க்குட்டி என்னாச்சுப்பா?" என்று கேட்பார்கள்.

ஒருநாள் கதையில் டேனி நாய்க்குட்டியோடு பள்ளிக்குப் போனான். வகுப்பே கைகொட்டிச் சிரித்தது. டீனுக்கு வந்ததே கோபம்!

"நாய்க்குட்டியப் பாத்து எவன்டா சிரிப்பான்? கூறுகெட்ட பசங்க! பாவம்டா அந்தப் புள்ள."

ரோரி புத்தகத்தை மூடினான். பிறகு, "உனக்கு டேனியப் புடிச்சிருக்காப்பா?" என்றான்.

"புடிக்காம? தங்கமான பையன்."

அந்த வாரம்தான் வகுப்புப் பெற்றோர்களின் வாட்ஸப் குழுவில் பிரளயம் கிளம்பியது. தொடங்கிவைத்தவள் அடுத்த தெரு டான்யா. கெட்டவள் இல்லை, ஷெல்லிக்கு ஆஸ்பத்திரியில் வேலை நீண்டுபோனால் ரோரிக்குச் சோறு போடுகிறவளே அவள்தான். "பள்ளிக்கூடத்துல ஒரு புத்தகம் குடுக்குறாங்க, பையன் கவுன் போட்டுக்கிட்டுத் திரியறானாம். படிக்கவே கஷ்டப்படுற புள்ளைங்களுக்கு இதையா குடுக்கணும்? நாளைக்கு வந்து ஏன் எதுக்குன்னு கேட்டா நாம என்னத்தச் சொல்றது?" என்று எழுதியிருந்தாள். டீனுக்கும் அதே எண்ணம்தான். இந்த வயசுல பந்து விளையாடட்டும், மத்ததெல்லாம் வளர்ந்து பாத்துக்கட்டும் என்று பாதி தட்டச்சிக்கொண்டிருந்தபோது, டான்யா அட்டைப் படத்தைப் போட்டாள். ரோரி படிக்கிற அதே கோல்கீப்பர் கதை!

"இதுவா? தாயி, இது நாய்க்குட்டி கதை! நான் தெனம் கேக்குறேன்" என்று எழுதினார்.

குழு விழுந்து விழுந்து சிரித்தது. "டீன், மீன் நாத்தம் மூளைக்கே ஏறிடுச்சா?" என்று கேட்டான் ஒருவன்.

மறுநாள் வழியில், பெரிக் ஊரில் வண்டியை நிறுத்திவிட்டு, மீன் சட்டையோடு புத்தகக் கடைக்குள் நுழைந்தார். பெரியவரான பிறகு அவர் அப்படி ஒரு கடையில் கால் வைத்தது அதுதான் முதல் தடவை. புத்தகத்தை எடுத்துக் கொடுத்த பெண், "பரிசாச் சுத்தித் தரவா சார்?" என்றாள். "வேணாம்மா, எனக்குத்தான்" என்று சொல்லிவிட்டுக் காது சிவக்க வெளியே வந்தார்.

லாரியில் உட்கார்ந்து, உதட்டை அசைத்தபடி ஒவ்வொரு சொல்லாகப் படித்தார். நாய்க்குட்டி இல்லை. ரோரி இதுவரை படித்துக் காட்டிய எந்தப் பக்கத்திலும் இல்லை. அலமாரிக்குள் இருந்தது ஒரு பச்சைக் கவுன். டேனி அதைத்தான் கதவைச் சாத்திக்கொண்டு போட்டுப் பார்க்கிறான். பள்ளிக்கு அதைப் போட்டுக்கொண்டுதான் போகிறான். வகுப்பு சிரித்ததும் அதைப் பார்த்துத்தான். நாய்க்குட்டிக்குப் பால் வைத்தது, அது குளிரில் நடுங்கியது, எல்லாம் ரோரியின் கைச்சரக்கு.

முதலில் டீனுக்குச் சிரிப்புதான் வந்தது. படிக்கவே தெரியாது என்ற பையன், வரியைப் படித்து, அதை விழுங்கிவிட்டு, அந்த இடத்தில் வேறொன்றை வைத்து, மூச்சு விடாமல் சொல்லியிருக்கிறான். "அடப் படுபாவி, எமகாதகன்டா நீ!" என்று வாய்விட்டுச் சொன்னார். அப்புறம்தான், ஏன் என்ற கேள்வி வந்தது. போன கிறிஸ்துமஸில் தொலைக்காட்சியில் ஓர் ஆண் கவுன் போட்டுப் பாடினான். "மாத்துடா அந்தக் கருமத்த" என்றார் இவர். ரிமோட் ரோரியின் மடியில் இருந்தது; மறுபேச்சில்லாமல் மாற்றினான்.

பிள்ளைக்குச் சந்தேகம் வந்தால் என்னிடம்தானே கேட்பான் என்று நம்பிக்கொண்டிருந்தவர் டீன். பிள்ளையோ, அப்பன் முகம் சுளிக்கக் கூடாதே என்று தினம் ஒரு பக்கமாகத் தனியாகச் சுமந்திருக்கிறான். ஒரு பையனுக்குக் கவுன் எதற்கு என்பது டீனுக்கு இன்னும் விளங்கத்தான் இல்லை. தன் பிள்ளையே அப்படி வந்து நின்றால் என்ன செய்வார் என்றும் அவருக்குத் தெரியாது. ஆனால் தன்னைப் பார்த்து அவன் பயப்படுகிறான் என்பது அவருக்குத் தாங்கவில்லை.

டான்யா போனில் கூப்பிட்டாள். "வெள்ளிக்கிழமைக்குள்ள ஹெட்மாஸ்டரம்மாகிட்ட அந்தப் புத்தகம் வேணாம்னு சொல்லணும். நீ நம்ம பக்கம்தானே டீன்?"

"முழுசாப் படிச்சிட்டுச் சொல்றேன் டான்யா."

"நீயா? படிக்கிறியா?"

"ஆமா, நானேதான்" என்று வைத்துவிட்டார்.

அன்று சாயங்காலம் லாரி ஒதுங்கியபோது மழை பிடித்துக்கொண்டிருந்தது. புத்தகம் ஸ்டீயரிங்மேல் திறந்து கிடந்தது. ரோரி தொடங்கினான். "டேனி தெருவுல ஓடினான். நாய்க்குட்டி தொப்பலா நனைஞ்சு..."

"ரோரி, நிறுத்துடா கண்ணு. இன்னைக்கு நான் படிக்கிறேன்."

"உன்கிட்டதான் புத்தகம் இல்லையே?"

"வாங்கிட்டேன்."

"அப்பா..." என்றான், அழுகிற குரலில்.

"அட, நாய்க்குட்டி நல்லாத்தான்டா இருந்துச்சு. புத்தகம் எழுதினவங்களைவிட நீ நல்லா எழுதியிருக்க. ஆனா அந்தக் கவுனுக்கு என்ன ஆச்சுன்னு எனக்குத் தெரிஞ்சாகணும். படிக்கட்டுமா?"

"ம்."

டீன் தொண்டையைச் செருமிக்கொண்டார். 'பச்சைக் கவுன் நனைந்து டேனியின் காலோடு ஒட்டிக்கொண்டது. அவன் வீட்டு வாசலில் நின்றான். மணியை அடித்தான்.' ஒவ்வொரு சொல்லும் மேட்டில் ஏறும் பாரவண்டி மாதிரித்தான் வந்தது.

"அப்பா, ஒரு வரிய விட்டுட்ட."

"எங்கடா?"

"மணி அடிக்கிறதுக்கு முன்னாடி. நானும் அதைப் படிச்சிருக்க மாட்டேன்."

இருந்தது. டீன் அதைப் பார்த்துவிட்டுத்தான் தாண்டியிருந்தார். 'உள்ளே அப்பா இருப்பார், தன்னைப் பார்த்ததும் அவர் முகம் என்ன ஆகுமோ என்று டேனிக்குப் பயமாக இருந்தது.'

"சரிடா" என்றார். கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டார். மீன்பெட்டி தூக்கித் தூக்கிக் காய்த்துப்போன ஆள்காட்டி விரலை அந்த வரியின் முதல் சொல்லுக்கு அடியில் வைத்து, உரக்கப் படிக்கத் தொடங்கினார்.