நான் ரவுடியாக இருந்ததில்லை

டோல்கேட் பக்கத்தில் எவர்சில்வர் பாத்திரக் கடைக்கு மேலே ஒரு மாடி. அங்கேதான் ஆறு மாதம், சனியும் ஞாயிறும் மதியத்தில், ஊழியத்துக்கு ஆள் தயார் செய்யும் சபையின் சீஷத்துவப் பயிற்சி வகுப்புக்குப் போனேன். ஒன்பதாவதோடு படிப்பை நிறுத்தியவன் நான். அதற்குப் பிறகு யாரும் இழுத்துக்கொண்டு போகாமல் நானாகப் போய் உட்கார்ந்த வகுப்பு இது ஒன்றுதான். பள்ளிக்கூடத்தில் கடைசி பெஞ்ச்சில் இருந்தவன் இங்கே முதல் வரிசையில் உட்கார்ந்தேன். பக்தி ஒரு காரணம். ஃபேன் அங்கே மட்டும் ஓடியது இன்னொரு காரணம்.

நாங்கள் ஏழு பேர். பயிற்சி முடிந்ததும் இரண்டு பேரை ஒடிசாவில் ஒரு மலைக்கிராமத்துக்கு ஒரு வருஷ ஊழியத்துக்கு அனுப்புவார்கள். அந்த இரண்டில் ஒருவனாக இருக்கவேண்டும் என்று எனக்கு வெறி. மணலியில் டேங்கர் லாரி கழுவுவது என் வேலை. லாரி ஆந்திரா போகும், கர்நாடகா போகும். நான் டயருக்குத் தண்ணீர் அடித்து அனுப்பிவிட்டு ஷெட்டிலேயே நிற்பேன். ஊர் பார்க்கும் ஆசைதான் என்று நீங்கள் நினைத்தால் பாதி சரி. மீதிப் பாதி, எனக்குள் ஒரு விஷயம் மெய்யாகவே நடந்திருந்தது. அதை யாரிடமாவது போய்ச் சொல்லவேண்டும் என்று இருந்தது.

வகுப்பை நடத்திய பாஸ்டர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். முப்பது வருஷமாகத் தண்டையார்பேட்டையில் இருந்தும் பேச்சில் அந்தப் பக்கத்து வாடை போகவில்லை. நல்ல மனுஷர்தான், அதையும் சொல்லிவிடுகிறேன். வேலை முடித்து வருகிறவர்களுக்குப் பசிக்கும் என்று தன் கையாலேயே சுண்டல் தாளித்துக் கொண்டுவருவார். நான் கலாய்த்தால் கைக்குட்டையால் வாயை மூடிக்கொண்டு சிரிப்பார்.

ஒரு சனிக்கிழமை வீடு சந்திப்புக்குப் பயிற்சி நடந்தது. ஒருவன் கதவைத் தட்டுகிற ஊழியக்காரன், ஒருவன் வீட்டுக்காரன். நான் வீட்டுக்காரன். தட்ட வந்தவன் காசிமேட்டில் ஐஸ் ஃபேக்டரியில் வேலை பார்க்கும் என் தோஸ்து.

"அண்ணே, உங்களாண்ட ஒரு நல்ல செய்தி சொல்ணும்."

"நல்ல சேதியா? தண்ணி லாரி வந்துகினு கீதா?"

"இல்லண்ணே. அத்த வுட பெர்ய செய்தி."

"அத்த வுட பெர்ய சேதி எங்க தெருவுல கெடயாது நைனா. மொதல்ல இந்தக் கொடத்தப் புடி. ரொப்பிக் குட்த்துட்டு அப்பால சொல்லு."

அவன் திருதிருவென்று விழித்தான். வகுப்பே சிரித்தது. பாஸ்டர் கைக்குட்டையை எடுத்தார். "சிரிக்காதீங்க. களத்துல இப்படித்தான் கேப்பாங்க. கொடத்த ரொப்பிக் கொடுத்துட்டுத்தான் பேசணும். அவன் சரியாத்தான் சொல்லுதான்."

இப்படி நல்லபடியாகப் போய்க்கொண்டிருந்த கதையில் குறுக்கே வந்தது சாட்சி.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். இந்தப் பயிற்சியில் ஒவ்வொருவரும் தன் சாட்சியை ஐந்து நிமிஷத்துக்கு எழுதி, மனப்பாடம் செய்து, சபை முன்னால் சொல்லவேண்டும். மூன்று பங்கு. முன்னே எப்படி இருந்தேன், ஆண்டவர் எப்படி என்னைச் சந்தித்தார், இப்போது எப்படி இருக்கிறேன். முதல் பங்கு எவ்வளவு கறுப்பாக இருக்கிறதோ, கடைசிப் பங்கு அவ்வளவு வெளுப்பாகத் தெரியும். டிவியில் சோப்பு விளம்பரம் பார்த்தவர்களுக்கு இதைப் புரியவைக்க வேண்டியதில்லை.

என்னுடையது இதுதான். காத்திவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு ஜெபவீடு. அம்மா அங்கே போவாள். நான் சுண்ணாம்புச் சுவரில் சாய்ந்து கேட்டுவிட்டு, அங்கே ஜெபிப்பவரைப் போலவே ஷெட்டில் நடித்துக் காட்டுவேன். கண்ணை இறுக்க மூடி, கையைத் தூக்கி, குரல் நடுங்க. டிரைவர்கள் டீ வாங்கிக்கொடுத்து மறுபடி செய்யச் சொல்வார்கள். ஒருநாள் சாயங்காலம் வீட்டில் யாரும் இல்லை. அதே குரலில் ஆரம்பித்தேன். சிரிக்க ஆள் இல்லை. நிறுத்தியிருக்கலாம். நிறுத்தவில்லை. நடுவில் எங்கேயோ என் சொந்தக் குரல் வந்துவிட்டது. அவ்வளவுதான் நடந்தது.

பாஸ்டர் படித்துவிட்டுத் தாளை மேஜைமேல் வைத்தார்.

"தம்பி, சப்புன்னு இருக்கு."

"நடந்ததே அவ்ளோதான் பாஸ்டர்."

"எண்ணூர்ப் பக்கத்துலேருந்து வாரேன்னு சொன்னா, கேக்கவங்க மனசுல ஒண்ணு எதிர்பார்த்துட்டு உக்காந்திருப்பாங்க. நீ என்னடான்னா மிமிக்ரி பண்ணுனேன்னு சொல்லுத. பணம் கொடுத்து ஊழியத்தைத் தாங்குறவங்களுக்கு உள்ளம் உருகணும்லா?"

அடுத்த வாரம் அவரே எழுதிக்கொண்டு வந்தார். அழகான கையெழுத்து. அதில் நான் பன்னிரண்டு வயதில் கத்தி தூக்கினேன். கஞ்சா அடித்தேன். என் தகப்பன் குடித்துவிட்டு வந்து தினமும் என் தாயை அடித்தான். அந்த வெறுப்பில் நான் ரவுடியானேன்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? விழுந்து விழுந்து சிரித்தேன். பிறகு அதை நடித்தும் காட்டினேன். இதை மறைத்துவிட்டு என்னை யோக்கியனாகக் காட்டிக்கொள்ள எனக்கு ஆசைதான், ஆனால் நடந்தது அது. ஒத்திகையில் லுங்கியை மடித்துக் கட்டுவதுபோல் கையை வைத்து, குரலைக் கட்டையாக்கி, 'எங்க நைனா செருப்பைக் கழட்டினாருன்னா' என்று ஆரம்பித்தேன். எங்கள் வகுப்பில் புளியந்தோப்பிலிருந்து வரும் அக்கா முந்தானையால் கண்ணைத் துடைத்தார். பாஸ்டர் என் தோளைத் தட்டி, "ஒடிசா உனக்குத்தாம்டே" என்றார். அன்றைக்கு மாடிப்படியில் நான் பறந்துதான் இறங்கினேன்.

கீழே தோஸ்து நின்றிருந்தான். அவனைப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். அவன் சாட்சி எங்கள் எல்லோருடையதையும்விடச் சின்னது. 'ஒருத்தன வெட்டினேன். அவன் கை இன்னும் மடங்கல. நான் இங்க கீறேன்.' இவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிடுவான். எவ்வளவு கேட்டாலும் நீட்டமாட்டான்.

"சூப்பரா நடிச்ச மாமு," என்றான்.

"தாங்க்ஸ்பா."

"கத்தி எத்தினி இஞ்ச்சு?"

"எந்தக் கத்தி?"

"நீ தூக்குனியே, பன்னண்டு வயசுல."

நான் சிரித்தேன். அவன் சிரிக்கவில்லை.

"எனக்குத் தெரியும், என்துது எத்தினி இஞ்ச்சுன்னு. டெய்லி தெரியுது. சொம்மா கெடச்ச மாதிரி அத்த எட்த்து வெச்சுகினு ஆடாத மாமு. அப்பால, உங்க நைனா இன்னா பண்ணாரு உன்ன?"

எங்கள் நைனா என்ன பண்ணினார். எண்ணூர்க் கழிமுகத்தில் இறங்கி, இடுப்புத் தண்ணீரில் குனிந்து, சேற்றைக் கையால் தடவி இறால் பிடிக்கிறவர் அவர். பிடித்ததைப் போட, ஓலையில் முடைந்த பையைப் பல்லில் கடித்துக்கொண்டு நகர்வார். வேலை நேரத்தில் யாரையும் திட்டவே முடியாது, வாயில் பை இருக்கும். இருபது வயதில் ஒரு கல்யாணத்தில் ஒரு டம்ளர் குடித்து, உடம்பெல்லாம் தடித்து, மூச்சு முட்டி, ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனார்கள். அதிலிருந்து விசேஷ வீட்டில் அவருக்கு மட்டும் தனியாகப் பன்னீர் சோடா வரும். 'பாப்பாவுக்கு சோடா குட்றா' என்று ஊரே கலாய்க்கும். நாற்பது வருஷமாக அந்தக் கலாய்ப்பை வாங்கிக்கொண்டு சோடா குடிக்கிற மனுஷனை நான் ஐந்து நிமிஷத்தில் குடிகாரனாக்கி அழுகை வாங்கியிருக்கிறேன்.

சினிமாவில் எங்கள் ஊர்க்காரன் வந்தால் லுங்கி, கத்தி, பான்பராக். கம்பெனியில் வேலை கேட்டுப் போனால் ஏரியா பேரைக் கேட்டதும் பையைப் பிடித்துக்கொள்வார்கள். அதெல்லாம் பழகிவிட்டது. ஆண்டவர் வீட்டுக்கும் அந்த வேஷத்தோடுதான் வரவேண்டுமா?

பாஸ்டரிடம் போனேன். பழையதையே சொல்கிறேன் என்றேன். அவருக்குக் கோபம் வரவில்லை, களைப்புதான் வந்தது.

"உங்க அப்பாவை யாருக்குடே தெரியப்போகுது? ஒரு ஆத்துமா தொடப்பட்டா போதாதா?"

"பத்துக் கட்டளைய ஒப்பிக்கச் சொன்னீங்களே பாஸ்டர், ஒன்பதாவது இன்னா?"

பொய்ச்சாட்சி சொல்லாதே என்பதுதான் அது. அவர் தன் தாளை மடித்து என் கையில் திணித்து, "கீழ்ப்படியாதவனைக் களத்துக்கு அனுப்ப முடியாது. யோசிச்சுக்கோ," என்றார். அத்தோடு எனக்கு விஷயம் தெளிவாகிவிட்டது. தாளில் இருப்பதைச் சொன்னால் ஒடிசா. சொல்லாவிட்டால் ஷெட்.

பயிற்சி முடித்தவர்களை ஊழியத்துக்கு அர்ப்பணிக்கும் பிரதிஷ்டை ஆராதனை ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம். ஊழியத்தைத் தாங்குகிற வண்ணாரப்பேட்டை அண்ணாச்சிமார் குடும்பத்தோடு முன் வரிசையில் இருந்தார்கள். அதுவரை யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். பொய் சொல்ல மாட்டேன் என்று முடிவோடு போனதாக எழுதினால் அதுவும் ஜோடித்த சாட்சியாகிவிடும். பாஸ்டரின் தாள் சட்டைப்பையில் இருந்தது. ஒடிசாவும் கண்ணில் இருந்தது.

என் பெயரைக் கூப்பிட்டபோதுதான் பார்த்தேன். மூன்றாவது வரிசையில் அம்மாவுக்குப் பக்கத்தில் நைனா. அவர் அம்மன் கோயிலைத் தவிர வேறு எங்கேயும் செருப்பைக் கழற்றாதவர். வரமாட்டேன் என்றுதான் சொல்லியிருந்தார். வெள்ளைச் சட்டை போட்டு, பித்தானைக் கழுத்துவரை மாட்டி, மடியில் ஒரு கேரி பேக்கை வைத்துக்கொண்டிருந்தார். பாஸ்டர் வீட்டுக்கு இறால். பக்கத்தில் இருந்த அண்ணாச்சி வீட்டம்மா மூக்கைத் திருப்பிக்கொண்டிருந்தார்.

மைக்கைப் பிடித்தேன். தாளை எடுக்கவில்லை.

"நான் காத்திவாக்கம். ரவுடியா இருந்ததில்ல. கத்தி, வூட்ல காய் நறுக்கத் தொட்டதுதான். எங்க நைனா குடிக்கமாட்டாரு. தோ, மூணாவது வரிசைல குந்திகினு கீறாரு. நாத்தம் வருதுன்னு நெனச்சுக்காதீங்க, எறா. ஃப்ரெஷ்ஷு."

யாரோ சிரித்தார்கள். நைனா எழுந்து நின்று கும்பிட்டார், எதற்கென்று தெரியாமலே. பிறகு மிமிக்ரி கதையைச் சொன்னேன். குரல் நடுங்கியது, இந்தமுறை நடிக்காமலே. ஐந்து நிமிஷம் ஆகவில்லை. யாரும் அழவில்லை. ஒரு அண்ணாச்சி வாட்ச் பார்த்தார்.

ஒடிசாவுக்கு வேறு இரண்டு பேரை அறிவித்தார்கள். சான்றிதழும் எனக்கு வரவில்லை. கீழ்ப்படிதல் பாடத்தில் நான் தேறவில்லையாம். ஆறு பேர் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். தோஸ்து மட்டும் சான்றிதழைச் சுருட்டிப் பின்னால் மறைத்துக்கொண்டு நின்றான். ஆனால் பாஸ்டர் இறாலை வாங்கிக்கொண்டார். நைனாவின் கையை இரண்டு கையாலும் பிடித்தார், நிமிர்ந்து பார்க்கவில்லை.

டோல்கேட்டில் பஸ்ஸுக்கு நின்றோம். நைனாதான் ஆரம்பித்தார்.

"உன்ன அன்ப்ப மாட்டாங்களாமா?"

"மாட்டாங்க."

"நான் குடிகாரன்னு சொல்லச் சொன்னாங்களாமே. உன் தோஸ்து சொன்னான்."

"ஆமா."

"சொல்லிர்ந்தா அன்ப்பிருப்பாங்களா?"

"ம்."

"பேமானி, சொல்லித் தொலைக்கிறதுதான? எனக்கின்னா, எலெக்சன்ல நிக்கப் போறேனா? சோடா குடிக்கிறவன்னு சொல்றத வுட அது கெத்துடா."

அம்மா சிரித்துவிட்டாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. பஸ் வந்தது, ஏறினோம். எண்ணூர் வரும்வரை ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்தேன். என்னை அனுப்புவதற்காகக் குடிகாரனாகக் கூடத் தயாராக இருந்த ஆள். எழுதிக் கொடுத்தவருக்கு இவரை எங்கே தெரியும்?

அடுத்த சனிக்கிழமை புது வகுப்பு ஆரம்பம். நான் போய் முதல் வரிசையில் உட்கார்ந்தேன்.

"நீ முடிச்சிட்டியே," என்றார் பாஸ்டர்.

"சர்டிபிகேட் வரலயே பாஸ்டர். அப்போ முடிக்கல."

போகச் சொல்லவில்லை. சுண்டலும் கொடுத்தார். இப்போது மூன்றாவது தடவையாக அதே வகுப்பில் இருக்கிறேன். ஒவ்வொரு தடவையும் சாட்சி எழுதும் வாரத்தில் அதே மிமிக்ரிக் கதையை, ஒரு சொல் மாற்றாமல், எழுதிக் கொடுக்கிறேன். போன வாரம் படித்துவிட்டுத் தலையைப் பிடித்துக்கொண்டார்.

"எத்தனை தடவைடே இதையே எழுதுவே?"

"நடந்தது மார்றப்ப சொல்றேன் பாஸ்டர். மாத்தி எழுதிர்லாம்."

"ஒடிசாவுக்குப் போகணும்னு ஆசை இருக்கா, இல்லையா?"

"ரொம்ப கீது. எங்க நைனா புள்ளையா அன்ப்புங்க. நாளைக்கே ரயில் ஏர்றேன்."